பாயிண்ட்டை வைத்துக்கொள்வதா, எலக்ட்ரானிக்குக்கு மாறுவதா? பழைய கார் இக்னிஷன் பற்றி ஓர் எளிய விளக்கம்

தாத்தா காலத்து அம்பாசடரையோ பிரீமியர் பத்மினியையோ மாட்டுக்கொட்டகை ஓரத்திலிருந்து வெளியே எடுத்து, கழுவித் துடைத்து, மறுபடியும் ஓட்டத் தொடங்கும் இளைஞர்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இருக்கிறார்கள். பெயின்ட், டயர், பிரேக் எல்லாம் முடிந்ததும் அவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “பாயிண்ட்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாமா அண்ணா?” இக்னிஷன் என்பது இன்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் அமைப்பு; பாயிண்ட் அதில் இருக்கும் ஒரு சிறிய சுவிட்ச். ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே யாராவது ஒருவர் போட்டிருப்பார். வண்டி புதிதாகவே ஆகிவிட்டது என்று சொல்லியும் இருப்பார்.

போடலாம். நன்றாகவும் இருக்கும். ஆனால் எதைக் கழற்றுகிறோம், அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரியாமல் மாற்றினால், பழைய கோளாறு அப்படியே இருக்கும். செலவு மட்டும் புதிதாகச் சேரும். ஆகவே பழையதிலிருந்தே தொடங்குவோம்.

12 வோல்ட்டிலிருந்து தீப்பொறி எப்படி வருகிறது?

பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. அழுத்தம் உச்சத்தை நெருங்கும் நேரத்தில் ஸ்பார்க் பிளக்கின் நுனியில் ஒரு பொறி தெறிக்க வேண்டும். பிளக்கின் இடைவெளி ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர்தான். ஆனாலும் அழுத்தப்பட்ட கலவைக்குள் அந்த இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்குப் பல ஆயிரம் வோல்ட் தேவை. பேட்டரியில் இருப்பதோ 12 வோல்ட். இந்த வித்தியாசத்தை ஈடுகட்டுவதுதான் இக்னிஷன் காயிலின் வேலை.

காயிலுக்குள் ஓர் இரும்பு உள்ளகம் இருக்கிறது. அதைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள்கள்: தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள், மிக மெல்லிய கம்பியில் பல்லாயிரம் சுற்றுகள். தடித்த சுருளில் பேட்டரி மின்சாரம் ஓடும்போது உள்ளகத்தில் காந்தப்புலம் உருவாகிறது. மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் பொறி வராது. அதைச் சட்டென்று வெட்ட வேண்டும். கிணற்று மோட்டார் ஓடும்போது கரண்ட் போனால், குழாயில் வேகமாகப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் திடீரென நின்று குழாயே அதிரும் அல்லவா? ஓட்டம் சட்டென்று தடைப்படும்போது அழுத்தம் எகிறுகிறது. காயிலிலும் அதே கதைதான். மின்சாரம் வெட்டப்பட்டதும் காந்தப்புலம் சரிகிறது. தடித்த சுருளில் சில நூறு வோல்ட்டும், மெல்லிய சுருளில் 15,000 முதல் 25,000 வோல்ட் வரையிலும் எழக்கூடும். அதுவே பிளக்குக்குப் போகிறது.

வெட்டும் கத்தரிதான் பாயிண்ட். பொறிக்கான மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நடுவில் சுழலும் தண்டில் நான்கு முனைகள் கொண்ட கேம் இருக்கும். பாயிண்ட்டின் குதிகால் (நாரால் ஆன சிறு கட்டை) அந்தக் கேமின் மேல் உரசிக்கொண்டே இருக்கும். முனை வந்து தள்ளும்போது பாயிண்ட் திறக்கிறது, மின்சாரம் அறுபடுகிறது, பொறி பிறக்கிறது. முனை கடந்ததும் பாயிண்ட் மூடுகிறது, காயில் மறுபடியும் நிரம்புகிறது. பக்கத்தில் சிறு உருளை வடிவில் இருக்கும் கண்டென்சர், பாயிண்ட் திறக்கும் கணத்தில் அங்கே பொறி பறந்து உலோகம் கருகாமல் காக்கிறது. மின்சாரம் கூர்மையாக அறுபடவும் உதவுகிறது. கண்டென்சர் செத்துவிட்டால் பிளக்கில் வர வேண்டிய பொறி பாயிண்ட்டிலேயே வீணாகிவிடும்.

உருவான உயர் மின்னழுத்தம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் இறங்கி, சுழலும் ரோட்டர் வழியாக, அந்தந்த சிலிண்டருக்கான வயருக்குப் பிரிந்து போகிறது. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினிலும் பத்மினியின் 1089 சிசி இன்ஜினிலும் சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வரிசை 1-3-4-2.

இந்த அமைப்பை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். அதன்பிறகு பல பத்தாண்டுகள் உலகத்தின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இதே முறையில்தான் ஓடின. நமக்கு அருகில், சென்னை பாடியில் 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ், இந்திய வண்டிகளுக்கு இந்தப் பாகங்களைச் செய்து தந்தது.

இதன் வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலையில் அம்பாசடர் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இன்ஜின் ஏறக்குறைய நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதில் பாதி, 1,500 சுற்று. ஒரு சுற்றுக்கு நான்கு பொறி. அதாவது நிமிடத்துக்கு 6,000, நொடிக்கு 100. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போய்ச் சேர்வதற்குள் அந்தச் சிறிய பாயிண்ட் லட்சக்கணக்கான முறை திறந்து மூடிவிடுகிறது. இவ்வளவு எளிமையான ஒரு பொருள் இவ்வளவு உழைப்பதை நினைத்தால் எனக்கு அதன்மேல் மரியாதை கூடுகிறது.

கெட்ட பெயர் யாருக்கு, குற்றம் யாருடையது?

பாயிண்ட்டுக்கு உண்மையான குறைகள் உண்டு. குதிகால் தேயும். தேயத் தேய இடைவெளி குறையும், இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாகும். இது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் ஓட்டுபவருக்குத் தெரியாது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் வழக்கமாக மூன்றாம் கியரில் ஏறும் வண்டி இரண்டாம் கியர் கேட்கும். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு ஏறும்போது வெப்பமானி முள் மேலே போகும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்வார்கள், கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். பொறி தாமதமானால் கலவை எரிவதும் தாமதமாகி, உழைப்பாக மாற வேண்டிய வெப்பம் புகைக்குழாய்ப் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் போகிறது என்பது யாருக்கும் தோன்றாது.

பாயிண்ட்டின் முகங்கள் கருகும். ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக ஆகிவிட்டால், கண்டென்சரின் அளவு பொருந்தவில்லை அல்லது அது பழுதாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். இன்று கடைகளில் கிடைக்கும் கண்டென்சர்களின் தரம் ஒரே சீராக இல்லை. பல வண்டிகளில் ‘பாயிண்ட் தொல்லை’ என்று சொல்லப்படுவது கண்டென்சர் தொல்லைதான்.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. பாயிண்ட்டின் மேல் சுமத்தப்படும் குற்றங்களில் பாதிக்கு மேல் டிஸ்ட்ரிபியூட்டருடையவை. 40, 50 ஆண்டுகள் சுழன்ற தண்டும் அதைத் தாங்கும் புஷ்ஷும் தேய்ந்திருக்கும். தண்டு பக்கவாட்டில் ஆடினால் ஒவ்வொரு முனைக்கும் இடைவெளி மாறும். ஒரு சிலிண்டருக்கு முன்னதாகவும் இன்னொன்றுக்குப் பின்னதாகவும் பொறி விழும். ரோட்டரைக் கழற்றிவிட்டுத் தண்டின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கைக்குத் தெரியும்படி ஆடினால், புதுப் பாயிண்ட் வாங்குவதற்கு முன் ஒரு நல்ல லேத் பட்டறையைத் தேடுங்கள். புஷ் மாற்றுவது அங்கே நடக்கக்கூடிய வேலைதான்.

அடுத்தது அட்வான்ஸ். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது பொறி இன்னும் முன்னதாக வர வேண்டும்; ஏனென்றால் கலவை எரிய எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் பிஸ்டன் அதிக தூரம் போய்விடும். இதைப் பார்த்துக்கொள்வது டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இருக்கும் இரண்டு எடைக்கற்களும் இரண்டு ஸ்பிரிங்குகளும். வேகம் கூடக் கூட எடைகள் விரிந்து கேமை முன்னால் திருப்பும். ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தி நிதானமாக ஓட்டும்போது கலவை அடர்த்தி குறைந்து மெதுவாக எரியும். அப்போது இன்னும் கொஞ்சம் அட்வான்ஸ் தருவது வேக்குவம் டப்பா. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கும், டப்பாவுக்குள் இருக்கும் சவ்வு கிழிந்திருக்கும். ரோட்டரை அது சுழலும் திசையில் விரலால் திருப்பி விடுங்கள். தானாகத் துள்ளித் திரும்ப வேண்டும். வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சினால் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு நகர வேண்டும். நாக்கை வைத்து அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். இந்த இரண்டு சோதனைக்கும் ஒரு பைசா செலவில்லை.

இன்னும் ஒன்று. டிஸ்ட்ரிபியூட்டருக்குள், நகரும் தட்டோடு சேர்ந்து அசையும் மெல்லிய வயர்கள் உண்டு: ஒன்று பாயிண்ட்டுக்கு, ஒன்று எர்த்துக்கு, அதாவது வண்டியின் பாடிக்கு. வெளியே உறை நன்றாகவே தெரியும். உள்ளே கம்பி ஒவ்வொரு இழையாக அறுந்திருக்கும். வண்டி நிற்கும்போது எல்லாம் சரி, ஓடும்போது மட்டும் இருமும், குலுங்கும். அலைய வைக்கும் கோளாறு இது. சரிசெய்ய ஒரு சாண் வயர் போதும்.

எலக்ட்ரானிக் என்றால் என்ன மாறுகிறது?

காயில், ரோட்டர், மூடி, வயர், பிளக் எல்லாம் அப்படியேதான். மின்சாரத்தை வெட்டும் கத்தரி மட்டும் மாறுகிறது. பாயிண்ட் இருந்த இடத்தில் ஒரு சிறிய மாட்யூல். கேமின் மேல் ரோட்டருக்கு அடியில் ஒரு காந்த வளையம். காந்தம் கடந்துபோவதை மாட்யூலில் இருக்கும் சென்சார் உணர்ந்து டிரான்சிஸ்டருக்குச் சொல்ல, டிரான்சிஸ்டர் காயிலின் மின்சாரத்தை வெட்டுகிறது. 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இயங்குவதால் இதற்கு ஹால் சென்சார் என்று பெயர். காந்தத்துக்குப் பதிலாக ஒளிக்கற்றையைப் பயன்படுத்தும் வகையும் உண்டு. எதுவும் எதையும் உரசுவதில்லை. ஆகவே தேய்மானம் இல்லை, இடைவெளி வைக்கும் வேலை இல்லை. கார் நிறுவனங்களே பிற்பாடு இந்தப் பக்கம் வந்துவிட்டன. அமெரிக்காவில் கிரைஸ்லர் 1973ஆம் ஆண்டு மாடல்களிலேயே எலக்ட்ரானிக் இக்னிஷனை வழக்கமான அமைப்பாக்கியது.

வேறு வழிகளும் உண்டு. பாயிண்ட்டை வைத்துக்கொண்டே, அதன் வழியாக மிகக் குறைந்த மின்சாரத்தை மட்டும் அனுப்பி, கனமான வேலையை வெளியே ஒரு டிரான்சிஸ்டர் பெட்டிக்குத் தருவது ஒன்று. பாயிண்ட் கருகாது, பெட்டி கெட்டால் இரண்டு வயரை மாற்றிப் பழையபடி ஓட்டலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் குதிகால் தேய்வது இதில் நிற்காது. முழு டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றி, அட்வான்ஸையும் மின்னணுவியலே கணக்கிடும்படி செய்வது இன்னொன்று. நெதர்லாந்தின் 123இக்னிஷன் இந்த வகை. தண்டும் எடைகளும் மீட்க முடியாத அளவுக்குப் போய்விட்ட வண்டிக்கு அது பொருந்தும், விலை கூடுதல்.

இனி பலன். குளிர்காலக் காலையில் தளியிலோ தேன்கனிக்கோட்டையிலோ வண்டி எடுப்பவருக்கு ஸ்டார்ட் ஆவதில் வித்தியாசம் தெரியலாம். ஐட்லிங் சீராகும். டைமிங், அதாவது பொறி விழும் நேரம், ஒருமுறை வைத்தால் நீண்ட நாள் நகராது. ஆனால் சக்தி கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 3,000 சுற்றில் ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே 10 மில்லி விநாடி இருக்கிறது; அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரம் பாயிண்ட் மூடியிருக்கிறது. காயில் நன்றாக நிரம்ப அது போதும். 6,000 சுற்றைத் தொடும் இன்ஜினில்தான் அந்த நேரம் பாதியாகிப் பொறி மெலியும். பாயிண்ட்டும் துள்ளத் தொடங்கும். நம் அம்பாசடர் அந்தப் பக்கம் போவதே இல்லை. சரியாக அமைத்த பாயிண்ட்டோடு ஒப்பிட்டால் எலக்ட்ரானிக் தருவது நிலைத்தன்மை. கூடுதல் குதிரைத்திறன் அல்ல. மாற்றியதும் வண்டி பறக்கிறது என்றால், பழைய பாயிண்ட் அவ்வளவு மோசமாக இருந்திருக்கிறது என்று பொருள்.

இழப்பும் உண்டு. பாயிண்ட் கெடும்போது முன்னறிவிப்போடு கெடும்: முதலில் இருமும், பிறகு திணறும், அப்போதும் வீடு வந்து சேரும். மாட்யூல் பெரும்பாலும் ஒரே நொடியில் நின்றுவிடும். சாலையோரத்தில் அதைத் திறந்து சுரண்டிச் சரிசெய்ய முடியாது. பேட்டரி பலவீனமாக இருக்கும்போது, தள்ளி ஸ்டார்ட் செய்தால் பாயிண்ட் வண்டி எழுந்துவிடும். சில மாட்யூல்களோ குறிப்பிட்ட வோல்ட்டேஜுக்குக் கீழே வேலையே செய்யாது. சித்திரை வெயிலில் பானட்டுக்குள் சேரும் சூடும் எலக்ட்ரானிக் பாகங்களுக்கு நல்லதல்ல.

யாருக்கு எது?

அஞ்செட்டியிலிருந்து காட்டுச் சாலையில் ஒகேனக்கல் பக்கம் அடிக்கடி போகிறவரா நீங்கள்? வண்டி நின்றால் உதவிக்கு வருபவர் ஒரு டிராக்டர் மெக்கானிக்காகத்தான் இருப்பார். அவர் கையில் ஸ்க்ரூடிரைவரும் உப்புக்காகிதமும் இருக்கும். பாயிண்ட்டை அவரால் உயிர்ப்பிக்க முடியும். அப்படிப்பட்டவர் எலக்ட்ரானிக் போட்டாலும் பழைய பாயிண்ட் செட்டை டிக்கியில் வைத்திராமல் கிளம்பக் கூடாது.

வாரந்தோறும் நெடுஞ்சாலையில் ஓசூர், சேலம் என்று ஓட்டுகிறவர், தானே பாயிண்ட் இடைவெளி வைக்கப் பொறுமை இல்லாதவர், பாயிண்ட் தெரிந்த மெக்கானிக் அருகில் இல்லாதவர் தாராளமாக மாறலாம். பாயிண்ட் தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் குறைந்துவருகிறார்கள் என்பது மாற்றத்துக்கு ஆதரவான நேர்மையான காரணம். சக்தி, மைலேஜ் என்று சொல்லப்படும் எதையும்விட இதுதான் வலுவானது.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய நினைப்பவர் அசலையே வைத்துக்கொள்வது நல்லது. 2021இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், அசல் வடிவில் பராமரிக்கப்பட்டு, பெரிய மாற்றங்களுக்கு உட்படாத வண்டிகளையே அந்த வகையில் சேர்க்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஒளிந்திருக்கும் மாட்யூல் பெரிய மாற்றம் ஆகாது என்று வாதிடலாம்தான். ஆனால் ஆண்டுக்குச் சில நாள் மட்டும் வெளியே வரும் வண்டிக்கு மாட்யூலுக்கான தேவையே இல்லை; அதன் பாயிண்ட் தேய்வதற்குள் உங்கள் பிள்ளை ஓட்டத் தொடங்கிவிடுவார்.

பாயிண்ட்டோடு இருப்பவர்கள் ஒரு வேலையைக் கற்றுக்கொண்டால் போதும். குதிகால் கேமின் உச்சியில் நிற்கும்படி இன்ஜினைத் திருப்பி, ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) இடைவெளி வையுங்கள். அம்பாசடரின் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கேமில் துளி கிரீஸ், ரோட்டருக்கு அடியில் இரண்டு சொட்டு எண்ணெய். இடைவெளி முதலில், டைமிங் அதன்பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. இடைவெளியைத் தொட்டாலே டைமிங் நகர்ந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டி சாவியைத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். இன்ஜின் கப்பியில் உள்ள குறி சரியான இடத்துக்கு வரும்போது அது எரிய வேண்டும். ஓடும் இன்ஜினில் பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் இல்லாதவர்க்கு இது போதும்.

எலக்ட்ரானிக் போடுகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். முதலில் பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். அதற்குரிய மாட்யூல் வேறு. மாற்றி இணைத்தால் அந்தக் கணமே போய்விடும். காயிலின் தடித்த சுருளை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். பல மாட்யூல்கள் 3 ஓம் அளவுள்ள காயிலையே எதிர்பார்க்கின்றன, 1.5 ஓம் காயிலை நேரடியாக இணைத்தால் மாட்யூல் சூடாகிச் சாகும். காயிலுக்கு முன்னால் ரெசிஸ்டர் இருந்தால், மாட்யூலின் மின்சாரத்தை அந்த ரெசிஸ்டருக்கு முன்பிருந்தே எடுக்க வேண்டும். பிளக் வயர்கள் வெறும் செம்புக் கம்பியாக இருந்தால் மின்காந்தக் குறுக்கீடு மாட்யூலைக் குழப்பும். ரெசிஸ்டர் வகை வயருக்கு மாறுங்கள். சாவியைத் திருப்பி இன்ஜினை இயக்காமல் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்காரும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத மாட்யூல் நிமிடக் கணக்கில் வெந்துபோகும்.

பொருத்தியதும் டைமிங்கை மறுபடியும் வைத்தே ஆக வேண்டும், இந்தமுறை டைமிங் லைட்டால். முதல் சில வாரங்கள் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள். சூடான மதியத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். பலவீனமான மாட்யூல் அப்போதுதான் தன்னைக் காட்டிக்கொள்ளும். கழற்றிய பாயிண்ட், கண்டென்சர், அவற்றின் திருகுகள், ஒரு ஃபீலர் கேஜ், சிறிய ஸ்க்ரூடிரைவர், அந்தப் பல்பு ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வையுங்கள். காயிலின் எந்த முனைக்கு எந்த வயர் போனது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் வரைந்து அதே டப்பாவில் போட்டுவிடுங்கள். இரவில், மழையில் அதைத் திறக்க வேண்டியிருக்கலாம். திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.